மார்கழி ஈரமும் இடுப்பு மூட்டும்

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் தேர் வீதிகளில் திரளும் ஜனங்களிடையே, இடுப்பில் கைவைத்து விந்தி விந்தி நடக்கும் முதியவர்களை விசாரித்தால், பனி வந்தாலே இப்படித்தான் என்று குளிரின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்வார்கள். ஆனால் கடலூர்க் கரையோரத்தில் வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். சீமைக்காரன் இதைக் குளிரென்று ஒப்புக்கொள்ளவே மாட்டான்.

2019இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விஷயத்தில் நமக்கு விசேஷமாகப் பொருந்துகிறது. நாட்பட்ட வலியுடைய 2,600க்கும் மேற்பட்டோர் கைபேசியில் தினந்தோறும் பதிந்த வேதனைக் கணக்கை அன்றன்றைய வானிலையோடு ஒப்பிட்டபோது, வலியைக் கூட்டியவை ஈரப்பதமும் காற்றின் வேகமும் தாழ்ந்த வாயு அழுத்தமுமே. உஷ்ணக் குறைவுக்குத் தெளிவான பங்கு தென்படவில்லை. 2011 டிசம்பர் இறுதியில் ‘தானே’ புயலைச் சந்தித்த கடலூருக்கு இம்மூன்றும் புதியனவா என்ன! எனினும் வானிலையின் பங்கு சொற்பமே. பெரும்பங்கு, என் அபிப்பிராயத்தில், மழையென்றும் பனியென்றும் நடையை நிறுத்திப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நம் முடக்கத்தைச் சேர்ந்தது.

இடுப்பு மூட்டு தாங்கும் பாரத்தை அறிய நடராஜர் திருமேனியை நோக்கினாலே போதும். இடப்பாதம் தூக்கி வலக்காலில் நிற்கும் அந்த நிலையில் மனிதன் நின்றால், உடலின் எடை மூட்டுக்கு அப்பால் தள்ளித் தொங்க, அதைச் சாயவிடாமல் பிடிக்கும் புட்டத்துத் தசையோ துலாக்கோலின் குட்டையான கையிலிருந்து இழுப்பதுபோல் பன்மடங்கு பலத்தோடு இழுக்க வேண்டியிருப்பதால், மூட்டின் மேல் இறங்கும் பாரம் உடல் எடையின் இரண்டு மடங்கையும் கடந்துவிடுகிறது. நடையின் ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம். ஆகையால் கைத்தடியை, பலர் செய்வதுபோல் வலிக்கும் பக்கத்தில் பிடிக்காமல், எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். அத்தசையின் பிரயாசை அப்போதுதான் குறையும். எந்தத் தைலமும் இவ்வளவு சுலபமாக இதைச் செய்துவிடாது.

ஒருக்களித்துப் படுத்து மேற்காலை மெல்ல உயர்த்தி இறக்குவது அதே தசைக்கு வலுவூட்டும். வெயில் ஏறியபின் நடப்பதும், தாழ்ந்த ஆசனங்களையும், கோலமிட ஈரத்தரையில் நெடுநேரம் குந்துவதையும் தவிர்ப்பதும் நலம். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடம், ஆழத்தில் புதைந்த மூட்டை எட்டாவிட்டாலும், இறுகிய தசையை இளக்குகிறது. நீரிழிவால் உணர்ச்சி மரத்தவர்கள் மட்டும் சூட்டைப் பிறர் கையால் சோதித்துக்கொள்வது அவசியம்.

மூட்டிலிருந்து எழும் வலி பெரும்பாலும் தொடையிடுக்கில் தெரியும். முதுகின் அடியிலிருந்து கால்வரை ஓடுவது அநேகமாக முதுகெலும்பைச் சேர்ந்தது. நடுத்தரப் பிராயத்தினர், குறிப்பாக நெடுநாள் மதுவோ ஸ்டீராய்டு மருந்தோ உட்கொண்டவர்கள், தொடையிடுக்கு வலியை அலட்சியம் செய்யலாகாது. தொடையெலும்பின் தலைக்கு ரத்தவோட்டம் குன்றி அது மெல்லச் சிதைவது அவர்களிடம் காணப்படும் வியாதி. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாத அச்சிதைவை எம்.ஆர்.ஐ. படமே காட்டிக்கொடுக்கும். ஈர முற்றத்தில் வழுக்கி விழுந்த மூதாட்டி காலூன்ற இயலாமல் கிடந்தாலோ, சுளுக்கென்று எவரையும் நீவவிடாமல், அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கடலூர் அரசு மருத்துவமனைக்கோ அன்றைக்கே, காலை அசைக்காமல் கொண்டுசெல்ல வேண்டும்.