துகள் பாய்ச்சும் துப்பாக்கி

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அவ்வட்டாரத்தின் மற்றொரு பெருந்தொழில் பட்டாசு. இவ்விரு தொழில்களும் பொடியை நம்பி நிற்பவை. பொடியில் கலந்துள்ள தனிமங்களும் அதன் நுண்மையுமே சிமெண்டின் உறுதியையும் பட்டாசின் பாதுகாப்பையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இவற்றை அறியத் துணைநிற்பது எலக்ட்ரான் துப்பாக்கி.

செயல்படும் முறை

பெயரில் துப்பாக்கி இருப்பினும் இதில் வெடிமருந்து இல்லை. வெற்றிடத்தில் வைக்கப்பட்ட டங்ஸ்டன் இழை, மின்னோட்டத்தால் சூடேறி எலக்ட்ரான்களை உமிழ்கிறது. இதுவே வெப்ப அயனி உமிழ்வு. உயர் மின்னழுத்தம் அவற்றை முடுக்குகிறது; மின்புலமும் காந்தப்புலமும் மெல்லிய கற்றையாகக் குவிக்கின்றன. காற்று இருப்பின் எலக்ட்ரான்கள் அதன் மூலக்கூறுகளில் மோதிச் சிதறும். ஆதலின் வெற்றிடம் இன்றியமையாதது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் படக்குழாயில் படம் வரைந்தது இத்தகைய கற்றையே.

நுண்மையைக் காணுதல்

ஒளி நுண்ணோக்கியால் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவற்றைப் பிரித்துக் காட்ட இயலாது. முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளமோ மிகக் குறைவு. 1931இல் செருமனியில் எர்னஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினர். பட்டாசில் சேரும் அலுமினியப் பொடியின் துகள் அளவையும் வடிவத்தையும் இக்கருவி காட்டவல்லது. துகள் சிறுத்தால் புறப்பரப்பு பெருகும். எரியும் வேகமும் கூடும்.

தனிமத்தை அறிதல்

விரைந்து செல்லும் எலக்ட்ரான் ஒரு பொருளில் மோதும்போது எக்ஸ் கதிர்கள் தோன்றுகின்றன. ஒவ்வொரு தனிமத்திற்கும் தனக்கே உரிய எக்ஸ் கதிர்கள் உண்டு என்பதை 1913இல் மோஸ்லி நிறுவினார். சிமெண்ட் மூலப்பொருளில் கால்சியமும் சிலிக்கானும் எவ்வளவு என்பதைக் கண்டறிய எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வு உதவுகிறது. அக்கதிர்களைத் தரும் குழாயினுள்ளும் எலக்ட்ரான்களைப் பாய்ச்சும் இழையே உள்ளது. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த 2018இல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. கலவையில் பேரியம் மறைந்திருப்பினும் அதன் எக்ஸ் கதிர்கள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

உலோகத்தை இணைத்தல்

கற்றையின் ஆற்றலைக் கூட்டினால் உலோகமே உருகும். வெற்றிடத்தில் நிகழும் இப்பற்றவைப்பில் காற்றால் விளையும் மாசு இல்லை; இணைப்பும் குறுகியதாய், ஆழமாய் அமையும். இந்திய விண்வெளித் துறையில் டைட்டானியக் கலன்கள் இவ்வாறு இணைக்கப்படுகின்றன.

கலவையின் இயல்பை விபத்துக்குப் பின் ஆராய்வதைவிட, அது தொழிலாளியின் கையைச் சேருமுன் அறிவதே உயிர்காக்கும் அறிவு. அதற்கு இத்துப்பாக்கி பயன்படுகிறது.