தலைகீழாக ஒரு மோட்டார், அதற்கு நான்கு கால்கள்

ஒரு மின்மோட்டார், அதன் நுனியில் வெட்டும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட், இரண்டு பக்கமும் கைப்பிடி. ரூட்டர் என்றால் இவ்வளவுதான். ஆனால் மரவேலையில் அது செய்துகாட்டிய மாற்றம் பெரியது. பலகையின் விளிம்பை உருட்ட ஓர் இழைப்புளி, காடி எடுக்க இன்னொன்று, கதவுச் சட்டத்தின் வளைவுக்கு வேறொன்று என்று வரிசையாக வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. முதல் உலகப் போர் காலத்தில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்.எல். கார்ட்டர், கையில் பிடித்து ஓட்டக்கூடிய மோட்டார்க் கருவி ஒன்றை உருவாக்கினார். 1929இல் அவருடைய தொழிலை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. பிட்டை மாற்றினால் வேலை மாறிவிடும் என்ற வசதி அதன்பிறகு பரவலாயிற்று.

அதே ரூட்டரைக் கவிழ்த்து, ஒரு மேசைப் பலகையின் அடியில் பொருத்தினால் கிடைப்பது ரூட்டர் மேசை. பிட் மட்டும் பலகையின் துளை வழியே மேலே எட்டிப் பார்க்கும். கையில் பிடித்து ஓட்டும்போது மரம் அசையாமல் கிடக்கும், கருவி நகரும். மேசையில் கருவி அசையாது, மரம் நகரும். இரண்டு கைகளும் மரத்துக்கே கிடைத்துவிடுவதால், கிளாம்ப் போட்டுப் பிடிக்க முடியாத சன்னமான சட்டங்களையும் நீளமான பலகைகளையும் நிதானமாக ஓட்டலாம். ஒரே அளவில் நாற்பது துண்டு வேண்டுமென்றால் முதல் துண்டுக்கு வைத்த அளவே கடைசித் துண்டுக்கும் போதும்.

இந்த மேசையின் தலைப்பகுதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எந்த ரூட்டர், அதைத் தாங்க எந்தத் தகடு, ஏற்றி இறக்க எந்த லிஃப்ட் என்று விவாதம் நீளும். கீழே நிற்கும் கால்களுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. விலை உயர்ந்த ரூட்டரை வாங்கிவிட்டு, அதை ஆட்டம் கண்ட பழைய மேசையின் மேல் ஏற்றிவிடுகிறவர்கள் ஏராளம். கைக்கருவியை ஓர் இயந்திரமாக மாற்றுவதே அந்த ஸ்டாண்டுதான். அதில் குறை இருந்தால் மேலே செலவழித்த பணம் வீண்.

காரணம் வேகம். பெரும்பாலான ரூட்டர்கள் நிமிடத்துக்கு 8,000 முதல் 24,000 சுற்று வரை சுழல்கின்றன. 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிட்டை 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் வெட்டு முனை மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. பெரிய பிட்களை 10,000, 12,000 சுற்றுக்குக் குறைத்து ஓட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இந்த வேகத்தில் மேசை லேசாக அதிர்ந்தால்கூட வெட்டிய மரத்தின் முகத்தில் வரிவரியாகத் தெரியும். பாதி ஓட்டத்தில் மேசை நகர்ந்தால், சமாளிக்கத் தள்ளாடும் கை பிட்டுக்கு மிக அருகில் இருக்கும்.

வீட்டிலேயே ரூட்டர் மேசை செய்துகொள்ளும் பழக்கம் வேரூன்றிய இடம் அமெரிக்கக் கார் கொட்டகைகள். அங்கே வீட்டோடு ஒட்டிய கராஜில் காருக்குப் பக்கத்தில் ஒரு மரப்பட்டறை இருப்பது சாதாரணம். 1989 முதல் 2009 வரை ஓடிய 'தி நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நார்ம் ஆப்ரம் வாரம் ஒரு பொருளைச் செய்துகாட்டினார். இழுப்பறைகளும் தூசி உறிஞ்சும் அறையும் கொண்ட அவருடைய ரூட்டர் மேசையின் வரைபடத்தைப் பார்த்துத் தங்கள் கொட்டகையில் அதேபோல் ஒன்றைச் செய்துகொண்டவர்கள் நிறையப் பேர். கனடாவில் மத்தியாஸ் வாண்டல் என்ற பொறியாளர், பிட்டை உயர்த்தித் தாழ்த்தும் லிஃப்டையே மரப் பற்சக்கரங்களால் செய்தார். காரைத் தூக்கும் கத்தரி ஜாக்கியை ரூட்டருக்கு அடியில் வைத்து லிஃப்ட் ஆக்கிக்கொள்கிறவர்களும் உண்டு.

அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு ஸ்டாண்டை எடுத்துக்கொள்வோம். மேல்பலகை 80 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். தரையிலிருந்து மேல்பரப்பு வரை 90 செ.மீ. உயரம். குனிந்து நின்று ஓட்டினால் இடுப்பு வலிப்பதோடு பிட்டும் சரியாகக் கண்ணில் படாது. ஆகவே சாதாரண வேலை மேசையைவிட இது கொஞ்சம் உயரமாக இருப்பது நல்லது. நெட்டையானவர்கள் இன்னும் இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளலாம்.

கால்களுக்கு அமெரிக்காவில் எல்லோரும் எடுப்பது இரண்டுக்கு நாலு சட்டம். பெயர்தான் இரண்டுக்கு நாலு அங்குலம். இழைத்து விற்பனைக்கு வரும்போது 38க்கு 89 மி.மீ. மட்டுமே இருக்கும். இதைக் கவனிக்காமல் அளவு போட்டால் சட்டங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இரண்டு சட்டங்களை 'ட' வடிவில் பசை போட்டுச் சேர்த்தால் ஒரு கால் தயார். நான்கு கால்களையும் மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று குறுக்குச் சட்டங்களால் இணைக்க வேண்டும்.

மரத்தை வாங்கிய அன்றே வெட்டக் கூடாது. கடையில் உலர்ந்தது என்று முத்திரை குத்தி விற்கும் சட்டத்தில் 19 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். வீட்டுக்குள் வந்தபின் அது இன்னும் காய்ந்து சுருங்கும், சில சட்டங்கள் முறுக்கிக்கொள்ளும். சில வாரங்கள் காற்றோட்டமாக அடுக்கிவைத்துவிட்டு, அதற்குப் பிறகும் நேராக இருப்பவற்றை மட்டும் எடுப்பதே சரி. இணைப்புகளைத் திருகால் மட்டும் முடிக்காமல், போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்குவது மேல். மரம் சுருங்கித் தளர்ந்தாலும் ஸ்பானர் எடுத்து மறுபடி இறுக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது ஆட்டம். நான்கு சட்டங்களை மூலைக்கு மூலை இணைத்த ஒரு செவ்வகம், இணைப்புகள் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பக்கவாட்டில் தள்ளினால் சாயப் பார்க்கும். முக்கோணம் சாயாது. இந்த ஸ்டாண்டை எந்தத் திசையில் அதிகம் பலப்படுத்த வேண்டும் என்பதை ரூட்டரே சொல்லிவிடுகிறது. கவிழ்த்து வைத்த ரூட்டரின் பிட், மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் மரத்தை எப்போதும் வலமிருந்து இடமாகவே தள்ள வேண்டும். அப்போதுதான் பிட் மரத்தை எதிர்த்து வெட்டும். பின்னால் மரத்துக்கு வழிகாட்டியாக நிற்கும் நேரான தடுப்பான ஃபென்ஸோடும் மரத்தை ஒட்டி இழுத்துக்கொள்ளும். திசை மாறினால் மரத்தைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். ஆக, நாள் முழுக்க இந்த மேசையின் மேல் விழும் உந்துதல் இடப்பக்கம் நோக்கியது. பின்பக்கம் முழுவதையும் 12 மி.மீ. பிளைவுட்டால் மூடி, பசையும் திருகும் போட்டுவிட்டால் அந்தத் திசையில் ஸ்டாண்டு அசையாது. பக்கங்களுக்கு மூலைவிட்டச் சட்டமோ சிறிய பிளைவுட் துண்டோ போதும்.

ஸ்டாண்டுக்கு எடையும் வேண்டும். இரண்டரை மீட்டர் நீளப் பலகையை ஓட்டும்போது அதன் பாதிக்கு மேல் மேசைக்கு வெளியேதான் தொங்கும். லேசான ஸ்டாண்டு அங்கே தடுமாறும். கீழ்ச் சுற்றின் மேல் ஒரு பலகை போட்டு, இருபது கிலோ மணல் மூட்டைகள் இரண்டை வைத்துவிடுவது மலிவான, ஆனால் மிகப் பயனுள்ள வழி. சக்கரம் வைக்க ஆசைப்படுகிறவர்கள், வேலை நேரத்தில் கால்களே தரையில் ஊன்றி நிற்கும்படியான தூக்குச் சக்கரங்களைத் தேட வேண்டும். பூட்டு போட்ட சக்கரத்தின் மேலேயே நிற்கும் மேசை கொஞ்சமாவது அசையும். கார் கொட்டகையின் சிமெண்ட் தரை வாசலை நோக்கிச் சரிந்திருப்பதுண்டு, மேடுபள்ளமும் இருக்கும். திருகி உயர்த்தும் பாதங்களை நான்கு காலிலும் பொருத்தினால் ரசமட்டம் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

இனி மேல்பலகை. இரண்டு 19 மி.மீ. எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டினால் 38 மி.மீ. தடிமன், சுமார் 14 கிலோ எடை. மேலே மைக்கா ஒட்டினால் மரம் வழுக்கிக்கொண்டு ஓடும். அடியிலும் மைக்கா ஒட்டியாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஈரம் மறுபக்கம் வழியாக ஏறி இறங்கிப் பலகை வளைந்துவிடும். பெரிய ரூட்டர் ஒன்று ஏழு கிலோ வரை இருக்கும். லிஃப்டும் சேர்ந்தால் இன்னும் கூடும். எம்.டி.எஃப். தொடர்ந்து பாரம் தாங்கினால் மெல்ல மெல்லத் தொய்யும் சரக்கு. நடுவில் அரை மி.மீ. பள்ளம் விழுந்தாலும் நீளமான பலகை பிட்டுக்கு மேல் பாலம்போல் நிற்கும், காடியின் ஆழம் குறைந்துவிடும். இதைத் தடுக்கும் பொறுப்பும் ஸ்டாண்டுக்குத்தான். ரூட்டருக்காக வெட்டிய துளையின் இரண்டு பக்கமும், முன்னிருந்து பின்னாக, ஒவ்வொரு சட்டத்தை நிறுத்திவைத்துப் பொருத்த வேண்டும்.

ரூட்டரைத் தாங்கும் தகட்டைக் கடையில் வாங்குவதே நல்லது. 235க்கு 298 மி.மீ. என்பது அமெரிக்காவில் பரவலான ஓர் அளவு. அலுமினியத்திலோ ஃபினாலிக் பிசின் பலகையிலோ கிடைக்கும். பணத்தைத் தகட்டில் செலவிட்டு, ஸ்டாண்டைக் கைவேலையால் மிச்சப்படுத்தலாம்.

ஃபென்ஸைப் பற்றிய பயம் தேவையில்லாதது. அறுவை மேசையில் ஃபென்ஸ் வாளுக்கு இணையாக இருந்தாக வேண்டும். இங்கே பிட் வட்டமானது, இணை என்ற பேச்சே இல்லை. நேரான ஒரு சட்டத்தின் ஒரு முனையில் போல்ட் போட்டு, மறுமுனையை நகர்த்தி கிளாம்ப் போட்டால் போதும். பிட் நடுவில் இருந்தால், முனையை ஒரு மி.மீ. நகர்த்தும்போது பிட்டுக்கு எதிரே அரை மி.மீ. மட்டுமே நகரும், அளவை நுணுக்கமாக வைக்க இது பெரிய உதவி. கிளாம்ப் பிடிக்க இடம் வேண்டுமென்பதால் மேல்பலகை ஸ்டாண்டைவிட நான்கு பக்கமும் ஐந்து செ.மீ. வெளியே நீண்டிருக்கட்டும். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவில் மரத்தைச் செருகி ஓட்டுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

தூசியை அலட்சியம் செய்யக் கூடாது. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. ஸ்டாண்டின் நடுப்பகுதியைப் பெட்டியாக மூடி, பின்பக்கம் 100 மி.மீ. குழாய் வைத்து உறிஞ்சினால் கீழே விழும் தூள் போய்விடும். ஃபென்ஸின் பின்னால் இன்னொரு சிறிய குழாய் வேண்டும். ஆனால் பெட்டியை இறுக மூடிவிட்டால் மோட்டார் சூடேறும், உறிஞ்சியும் திணறும். பெட்டியின் கதவில் காற்று உள்ளே வரச் சில துளைகள் விட்டாக வேண்டும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு இல்லாமல் இந்த மேசையை இயக்குவது ஆபத்து.

ஸ்விட்ச் ஸ்டாண்டின் முன்பக்கம், குனியாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது தானாக ஓடத் தொடங்காத வகை ஸ்விட்ச்சாகப் பார்த்து வாங்குவது அவசியம். மின்தடை பழகிப்போன நம் ஊர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

நம் ஊரிலும் இந்த வேலைக்கு வழி உண்டு. 6 மி.மீ. கோலெட் கொண்ட சிறிய ட்ரிம்மர் இங்கே பல தச்சர்களிடம் இருக்கிறது. பிளைவுட்டில் துளையிட்டு, மரம் அறுக்கும் வட்டக் கட்டரை அடியில் கவிழ்த்து மாட்டி அறுவை மேசை ஆக்கிக்கொள்ளும் கைத்திறனும் இருக்கிறது. பைன் சட்டத்தைத் தேடி அலைவதைவிடத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குல ஸ்கொயர் பைப்பில் கால்களைச் செய்துகொள்வது எளிது. வெல்டிங் சூட்டில் இரும்புச் சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, மேல் சட்டத்தின் நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பட்டறையிலேயே பார்த்து வாங்க வேண்டும்.

மேல்பலகையைப் பொருத்தியதும் ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேலைக் குத்தாக நிறுத்தி, நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். இடைவெளி தெரிந்தால் சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் மெல்லிய அட்டைத் துண்டைச் செருகித் தூக்கிக்கொள்ளலாம். பிறகு ஒரு கழிவுக் கட்டையில் ஆழம் குறைந்த காடி ஒன்றை ஓட்டி, இரு முனையிலும் நடுவிலும் ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். முதல் ஆறு மாதம் கழிந்ததும் போல்ட்களை ஒருமுறை இறுக்கிவிட்டு, அதே ஸ்கேலை மறுபடி வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.