எழுதாதது நடக்காதது

பட்டத்துக்குப் பின் – 9

சென்ற வாரம் ஆய்வுக்கூடத்து வேலைகளைப் பார்த்தோம். இந்த வாரம், நோயாளியின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல், அவரைப் பற்றி மருத்துவர் எழுதியதை மட்டும் படித்துச் செய்யும் ஒரு வேலைக்கு வருவோம். மெடிக்கல் கோடிங், மெடிக்கல் பில்லிங் என்று நம் ஊர்ச் சுவரொட்டிகளில் தவறாமல் பார்க்கும் வேலைதான்.

மாலை ஆறு மணிக்குச் சென்னை ஓ.எம்.ஆரில் நின்றால், கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து, நின்றுபோன பணத்தைக் கேட்டு வாங்கும் ஏ.ஆர். காலர்கள் அவர்கள். கோடிங் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் பகல் வேலை கிடைக்கும். அவர்கள் படிக்க வேண்டிய சார்ட், அதாவது மருத்துவர் எழுதிய குறிப்பு, எந்த நேரமும் காத்திருக்கும். திருச்சி, கோவை, சேலம் வரை இந்த வேலை பரவியிருக்கிறது. உயிரியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்தவர்கள் கோடிங்குக்கு வருகிறார்கள். ஆங்கிலம் தடையின்றிப் பேசினால் எந்தப் பட்டத்தோடும் காலிங்குக்கு வரலாம்.

இப்படி ஒரு தொழில் ஏன் பிறந்தது? அமெரிக்காவில் மருத்துவச் செலவின் பெரும்பகுதி காப்பீடு வழியாகவே போகிறது. “இருமலுக்குப் பார்த்தேன், பணம் தாருங்கள்” என்று மருத்துவர் கடிதம் எழுத முடியாது. எதற்காகப் பார்த்தார், என்ன செய்தார் என்ற இரண்டையும் குறியீடாக மாற்றித் தர வேண்டும்.

‘எதற்காக’ என்பதற்கு ஐசிடி-10-சிஎம். அதன் வேர், பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்ட்டியோன் 1893-இல் முன்வைத்த மரணக் காரணங்களின் பட்டியல். செத்தவர்களை எண்ணப் பிறந்த பட்டியல், இன்று உயிரோடு இருப்பவர்களின் ரசீதுக்கு அடிப்படை. அமெரிக்கா பழைய ஒன்பதாம் பதிப்பை விட்டுப் பத்துக்கு மாறியது 2015 அக்டோபர் 1 அன்று. ஏறத்தாழ 14,000 குறியீடுகள் இருந்த இடத்தில் 70,000-ஐ நெருங்கும் குறியீடுகள் வந்தன. ‘என்ன செய்தார்’ என்பதற்கு சிபிடி. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டுவரும் தொகுப்பு அது.

எழுபதாயிரத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டுமோ என்று பயந்துதான் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. அந்தப் பயம் வேண்டாம். இந்தத் தொழிலுக்கு வேண்டியது வாசிப்பு. ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

ஓர் இருமலின் கதை

ஓஹியோ மாநிலத்தில் ஒரு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே அங்கு வந்து பழகிய பெண் ஒருவர் ஐந்து நாள் இருமலோடு வருகிறார். மருத்துவர் பரிசோதிக்கிறார். அங்கேயே மார்பு எக்ஸ்ரே, ஒரே கோணத்தில் எடுக்கிறார்கள். மருத்துவர் எழுதுகிறார்: “இருமல். நிமோனியா இருக்கலாம். மூன்று நாளில் மீண்டும் வரவும்.”

பயிற்சி வகுப்பில் இந்தச் சார்ட்டைக் கொடுத்தால், புதிதாகச் சேர்ந்தவர் நிமோனியாவுக்கான ஜே18.9-ஐத்தான் தேடிப் பிடிப்பார். அது தவறு. ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்ற சொற்கள் இருந்தால், வெளிநோயாளிப் பிரிவில் அந்த நோய்க்குக் குறியீடு தரக்கூடாது என்பது விதி. அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது இருமல் மட்டுமே. ஆகவே ஆர்05.9.

அதே பெண் மருத்துவமனையில் படுத்து, வீடு திரும்பும் நாளிலும் ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்றே எழுதப்பட்டிருந்தால், மருத்துவமனைக் கணக்கில் நிமோனியாவின் குறியீட்டையே போடலாம். சோதனைகளும் தொடக்கச் சிகிச்சையும் அந்த நோயை ஒட்டியே அங்கே நடந்திருக்கும் என்பது அந்த விதியின் நியாயம். சொல் ஒன்றுதான், அது எந்த இடத்தில் நின்று எழுதப்பட்டது என்பதைப் படிக்கத் தெரிந்தவரே கோடர்.

அடுத்தது எக்ஸ்ரே. ஒரு கோணம் என்றால் 71045. இரண்டு கோணம் என்றால் 71046. அறிக்கையில் ஒன்று என்று இருக்கும்போது இரண்டாவதைப் போட்டால், செய்யாத வேலைக்குப் பணம் கேட்டதாகிவிடும். அரசின் மெடிகேர் திட்டத்திடம் தெரிந்தே இப்படிக் கேட்பவர்கள் மேல் பாயும் சட்டம், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863-இல், ராணுவத்துக்குச் சரக்கு விற்று ஏமாற்றியவர்களைப் பிடிக்க வந்தது. இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

“எழுதாதது நடக்காதது” என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். மருத்துவர் செய்திருப்பார் என்று நமக்கே தோன்றினாலும் ஊகித்து எழுத நமக்கு உரிமையில்லை. குறிப்பு தெளிவில்லை என்றால் மருத்துவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அந்தக் கேள்வியும் நமக்கு வேண்டிய பதிலை அவர் வாயில் திணிப்பதாக இருக்கக்கூடாது. நல்ல பயிற்சியில் இதற்கென்று தனியே நேரம் ஒதுக்குவார்கள்.

இரண்டு எழுத்து, இரண்டு பொறுப்பு

கோடிங் முடிந்து, பணம் கேட்கும் கிளெய்ம் போகிறது. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதில் வருகிறது. முழுப் பணம் வராதபோது, ஏன் வரவில்லை என்பதற்கு ஓர் எண்ணும், அதன் முன்னே இரண்டு எழுத்தும் இருக்கும். வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றும் பேமென்ட் போஸ்டிங் செய்பவரும் ஏ.ஆர். காலரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு எழுத்தைத்தான்.

பி.ஆர். என்றால் அந்தத் தொகை நோயாளியின் பொறுப்பு. பி.ஆர். 1 என்பது, காப்பீடு கைகொடுக்கும் முன் நோயாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டிய டிடக்டிபிள். பி.ஆர். 3 என்பது ஒவ்வொரு முறையும் கட்டும் கோ-பே. சி.ஓ. என்றால் ஒப்பந்தப்படி அது மருத்துவர் தரப்பின் பொறுப்பு. சி.ஓ. 29 வந்தால், கெடு முடிந்தபின் கிளெய்ம் அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். மெடிகேருக்கு அந்தக் கெடு, சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு. தாமதித்தது கிளினிக், நஷ்டமும் கிளினிக்குக்குத்தான். இதைக் கவனிக்காமல் பி.ஆர். கணக்கில் ஏற்றிவிட்டால், அந்த இருமல்காரப் பெண்ணின் வீட்டுக்கு அவர் கட்டத் தேவையில்லாத பில் போகும். இங்கே ஒரு விசைத்தட்டல். அங்கே ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் துண்டு விழும்.

ஆகவேதான் காலர்களுக்கு “பணம் வந்ததா?” என்று கேட்பதோடு நிற்கக்கூடாது என்று சொல்லித் தருகிறார்கள். கிளெய்ம் எப்போது கிடைத்தது, எந்த நாளில் மறுக்கப்பட்டது, எதனால், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது, இந்த அழைப்பின் குறிப்பு எண் என்ன – இத்தனையும் கேட்டு எழுதிவைத்தால்தான், அடுத்து அதே கிளெய்மை எடுப்பவர் முதலிலிருந்து தொடங்காமல் இருப்பார்.

எப்படிக் கற்பது?

முதலில் உடற்கூறு. அடுத்து மருத்துவச் சொற்கள். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுத்தல் எனச் சொல்லைப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். மூன்றாவதாக, குறியீட்டுப் புத்தகத்தின் முன்பக்கங்களில் உள்ள விதிமுறைகள். மாணவர்கள் அவசரத்தில் தாண்டிப் போகும் அந்தப் பக்கங்களில்தான் நாம் பார்த்த ‘இருக்கலாம்’ விதி இருக்கிறது.

உலகெங்கும் மதிக்கப்படும் சான்றிதழ்களில் ஒன்று, ஏ.ஏ.பி.சி. அமைப்பு நடத்தும் சி.பி.சி. தேர்வு. 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குறியீட்டுப் புத்தகங்களைத் தேர்வறைக்குள் எடுத்துச் செல்லலாம்! மனப்பாடம் செய்யும் தொழில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை; புத்தகத்தில் எங்கே எது என்று கை அறிந்திருக்க வேண்டும். அனுபவம் இல்லாமல் தேறியவரின் பட்டத்தோடு, பயிற்சி நிலை என்பதற்கு ‘ஏ’ என்ற எழுத்து ஒட்டியிருக்கும். இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தைக் காட்டினால் அதை நீக்கிவிடுவார்கள்.

பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கிவிடாதீர்கள். ஐசிடி ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்றும், சிபிடி ஜனவரி 1 அன்றும் மாறுகின்றன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “வேலை நிச்சயம், முதலில் பணம் கட்டுங்கள்” என்று சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடும் முன் நிதானியுங்கள். ஃப்ரெஷர்களைச் சேர்த்துத் தாங்களே சம்பளத்தோடு பயிற்சி தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள். பயிற்சி நிலையத்தில்தான் சேர வேண்டுமென்றால் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லித் தருபவர் கோடராக வேலை பார்த்தவரா? பெயர் நீக்கப்பட்ட நிஜச் சார்ட்டுகளில் பயிற்சி உண்டா? தவறாகக் குறியிட்டால், எந்த விதிப்படி தவறு என்று காட்டுவார்களா? மூன்றாவதற்கு “ஆம்” என்ற பதில் வராத இடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

(தொடரும்)