படை கடல் தாண்டும்போது சபையைக் கேட்டார்களா?

1939 ஆகஸ்டில் காங்கிரஸ் காரியக் கமிட்டி வார்தாவில் கூடி ஒரு முடிவெடுத்தது. டெல்லி மத்திய சட்டசபையின் அடுத்த கூட்டத்தொடருக்குக் காங்கிரஸ் உறுப்பினர்கள் யாரும் போகக் கூடாது. சபையைக் கேட்காமலேயே இந்தியத் துருப்புகளை எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் காரணம். அந்தச் சபையில் காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக இருந்தவர், திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. திருமயம் அப்போது தொண்டைமான் மன்னரின் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. அங்கிருந்த மக்களுக்கு அந்தச் சபைக்கு ஓட்டுப்போடும் உரிமையே கிடையாது. சத்தியமூர்த்தி சென்னையில் நின்று ஜெயித்துத்தான் உள்ளே போனார். கேள்வி நேரத்தில் வெள்ளை அரசாங்கத்தைத் திணறடித்தார். ஆனாலும் செப்டம்பர் 3ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் அறிவித்தார். அதை எதிர்த்து அக்டோபர் கடைசியில் ராஜாஜியின் சென்னை மந்திரிசபை ராஜினாமா செய்தது.

இதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. அதற்கு 81 ஆண்டுகள் முன்பே இந்தக் கேள்விக்குச் சட்டம் எழுதப்பட்டிருந்தது. கம்பெனி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி வந்த 1858ஆம் வருடச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். படையெடுத்து வருபவர்களைத் தடுக்கவோ விரட்டவோ, வேறு திடீர் அவசரத் தேவைக்கோ தவிர, இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ராணுவ நடவடிக்கைக்கு இந்திய வருவாயைச் செலவிட வேண்டுமென்றால் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் இரு அவைகளும் சம்மதிக்க வேண்டும். இந்தியப் பணத்தில் வளரும் பெரிய படையை லண்டன் மந்திரிகள் தங்கள் இஷ்டத்துக்கு உலகெங்கும் அனுப்பிவிடக் கூடாது என்ற பயம் அந்தப் பிரிவுக்குப் பின்னால் இருந்தது. சம்மதம் கேட்கப்பட்டது லண்டனில். இந்தியர்களை யாரும் கேட்கவில்லை. என்றாலும், படையை அனுப்புவதற்குச் சபையின் சம்மதம் தேவை என்ற கொள்கை எழுத்தில் இருந்தது.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. 53ஆம் பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் தருகிறது. அவர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்கிறார். நெருக்கடி நிலையை அறிவித்தால் ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுக்குப் படை அனுப்பினால் வேண்டியதில்லை. பணத்தின் சாவி நாடாளுமன்றத்திடம் இருக்கிறதே என்று சொல்லலாம். ஆனால் ராணுவத்துக்கான வருடாந்திர மானியம் ஏற்கெனவே நிறைவேறியிருக்கும். கப்பல் அந்தப் பணத்திலேயே புறப்பட்டுவிடும். கூடுதல் செலவுக்கான துணை மானியக் கோரிக்கை சபைக்கு வரும்போது சண்டை தொடங்கி மாதங்கள் ஓடியிருக்கும். களத்தில் நிற்கும் சிப்பாய்க்குப் பணம் தர மாட்டேன் என்று எந்த உறுப்பினர் சொல்வார்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் கடற்கரைக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாளே இந்தியத் துருப்புகள் யாழ்ப்பாணத்தில் இறங்கின. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. ஒரு பணி இன்னொரு பணியாக மாறிய அந்த இடத்தில்கூட நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்ற விதி இல்லை. விவாதம் நடந்தது, கேள்விகள் எழுந்தன, அவ்வளவுதான். 1990 மார்ச்சில் படை திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். இறந்த ஈழத் தமிழர்களும் ஏராளம். சென்னையில் இறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அந்த நீண்ட போரில் கடல் தாண்டி வந்தவர்களின் குடும்பங்கள் லேணாவிலக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை முகாம்களில் வாழ்க்கையை ஓட்டின.

சில மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய சமயமும் வரும், உண்மைதான். 1988 நவம்பர் 3இல் மாலத்தீவில் கூலிப்படை புகுந்தபோது அன்றிரவே இந்தியப் படை போய் இறங்கியது. சபையைக் கூட்டிக்கொண்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். ஜெர்மனியின் 2005ஆம் வருடச் சட்டம் இதற்கும் வழி சொல்கிறது. ஆயுதப் படையை வெளியே அனுப்ப முதலில் பார்லிமெண்டின் ஒப்புதல் தேவை. ஆபத்து தலைக்கு மேல் இருந்தால் அனுப்பிவிட்டு உடனே ஒப்புதல் கேட்கலாம். சபை மறுத்தால் படை திரும்ப வேண்டும். அமெரிக்காவில் நிக்சனின் வீட்டோவை முறியடித்து 1973இல் வந்த சட்டம், 48 மணி நேரத்துக்குள் தகவல் தரச் சொல்கிறது. காங்கிரஸ் அனுமதிக்காவிட்டால் 60 நாளில் சண்டையை நிறுத்தச் சொல்கிறது. 2011இல் லிபியாவில் குண்டு போட்டபோது, இது சண்டையே அல்ல என்று வாதாடி ஒபாமா அரசு அந்தக் கெடுவைத் தாண்டியது. ஆக, ‘சண்டை’ எது என்பதைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும்.

நமக்கு அரசியல் சாசனத்தைத் திருத்தக்கூட வேண்டியதில்லை. படைத் தலைமையைப் பயன்படுத்தும் முறை சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்று அதே 53ஆம் பிரிவு சொல்கிறது. சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு சட்டம் கொண்டுவந்தால் போதும். தொகுதி மறுசீரமைப்பில் புதுக்கோட்டைக்கென்று இருந்த மக்களவைத் தொகுதி போய்விட்டது. இப்போது இந்த மாவட்டம் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என நான்கு தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறது. அடுத்த முறை அந்த நான்கு தொகுதி வேட்பாளர்களும் ஓட்டுக் கேட்டு வரும்போது, அப்படி ஒரு தனிநபர் மசோதாவையாவது கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள்.