ஹெவிவெயிட் குத்துச்சண்டை: வளரும் வீரனுக்கு எதிரே நிற்பவர்கள் யார்?

ஜலகண்டாபுரம் போன்று தறிச் சத்தம் ஓயாத ஊர்களிலும் இன்று பிள்ளைகள் கைபேசியில் குத்துச்சண்டை பார்க்கிறார்கள். வாட்டசாட்டமாக வளர்ந்த மகன் ஒருவன் "அத்தா, நான் பாக்ஸர் ஆகட்டுமா?" என்று கேட்டால் பெற்றோர் என்ன பதில் சொல்வது? ரியாத்தில் நடக்கும் சண்டைகளில் புரளும் கோடிகளைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருப்பான். அந்தக் கோடிகளுக்கும் நம் ஊருக்கும் இடையே உள்ள தூரத்தை அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஹெவிவெயிட் வீரனின் பாதை எப்படி இருக்கும், அவன் யார் யாரைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்பதைப் பார்ப்போம்.

முஹம்மது அலியைச் சந்தித்தவர்

1980 ஜனவரியில் முஹம்மது அலி இந்தியா வந்தார். அந்தப் பயணத்தில் சென்னையிலும் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் இறங்கினார். டெல்லியில் அவருக்கு எதிரே நின்றவர் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் கவுர் சிங். அவர் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். அர்ஜுனா விருதும், 1983-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் விளையாடினார்.

இந்திய ஹெவிவெயிட் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பெயர் கிடைப்பது கடினம். ஆனால் முதுமையில் இதய சிகிச்சைக்காக அவர் கடன் வாங்க நேர்ந்தது. அந்தச் செய்தி வெளியான பிறகுதான் பலரும் உதவ முன்வந்தார்கள். 2023 ஏப்ரலில் அவர் காலமானார். பதக்கம் வேறு, பிழைப்பு வேறு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த ஒருவரின் வாழ்க்கை போதும்.

மத்திய ஆசியச் சுவர்

அடுத்து சதீஷ் குமார். உத்தரப் பிரதேசம் புலந்த்ஷஹரைச் சேர்ந்த இவரும் ராணுவ வீரர்தான். சூப்பர் ஹெவிவெயிட் பிரிவில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். டோக்கியோவில் முதல் சண்டையில் ஜமைக்காவின் ரிக்கார்டோ பிரவுனை வென்றார். அதில் முகம் கிழிந்து தையல் போடப்பட்டது. அந்தத் தையலோடு 2021 ஆகஸ்ட் 1 அன்று காலிறுதியில் இறங்கினார். எதிரே உஸ்பெகிஸ்தானின் பஹோதிர் ஜலோலோவ், இரண்டு மீட்டர் உயரம், உலக சாம்பியன். ஐந்து நடுவர்களும் ஜலோலோவுக்கே வெற்றி தந்தார்கள். ஜலோலோவ் அந்த ஒலிம்பிக்கிலும் 2024 பாரிஸிலும் தங்கம் வென்றார்.

சதீஷுக்குப் பின் வந்த நரேந்தர் பெர்வால், 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார். அரையிறுதியில் அவரை நிறுத்தியவர் கஜகஸ்தானின் கம்ஷிபெக் குன்கபாயேவ்.

இரண்டு முறையும் தடையாக நின்றவர்கள் மத்திய ஆசிய வீரர்கள். 2026 ஜப்பான் ஆசிய விளையாட்டானாலும் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கானாலும், இந்திய ஹெவிவெயிட் எவரும் இந்தச் சுவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இங்கே 90 கிலோவுக்கு மேல் எடையும் அதற்கேற்ற வேகமும் கொண்ட வீரர்கள் குறைவு. அதனால் பயிற்சிக்குச் சமமான ஜோடி கிடைப்பதே சிரமம். தினமும் தன்னைவிடச் சிறியவர்களோடு பயிற்சி செய்தவன், போட்டியன்று திடீரென ஒரு மலையைச் சந்திக்கிறான்.

எதிராளியை யார் தேர்வு செய்கிறார்கள்?

ஒலிம்பிக் வகைக் குத்துச்சண்டையில் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு. எதிராளியைக் குலுக்கல் முடிவு செய்யும். முதல் நாளே உலக சாம்பியன் வந்தாலும் மறுக்க முடியாது.

தொழில்முறைச் சண்டை அப்படியல்ல. அங்கே எதிராளியைத் தேர்வு செய்பவர் புரமோட்டர். முதலில் நான்கு ரவுண்டு, ஆறு ரவுண்டு என்று எளிய எதிராளிகள். பிறகு அனுபவம் மிக்க பழைய வீரர். அதன் பின்னரே பட்டம். பிரிட்டனின் மோசஸ் இடௌமாவைப் பாருங்கள். 2023 ஜனவரியில் 18 வயதில் தொழில்முறைக்கு வந்தார். 2025 ஆகஸ்டில் ரியாத்தில் தன் 13ஆவது சண்டையில், ஒரு காலத்தில் டைசன் ஃபியூரியோடு உலகப் பட்டத்துக்கு மோதிய டில்லியன் வைட்டை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தினார். அடுத்து யாரோடு மோதுவார் என்று உலகமே பேசியது. படிப்படியாக எதிராளிகளைத் தேர்ந்து கொடுத்த ஏற்பாடு இல்லாமல் அவர் அந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

இடௌமாவுக்குக் கிடைத்த ஏற்பாடு நம் நாட்டு ஹெவிவெயிட்டுக்கு இல்லை. தொழில்முறைக்குப் போன நம் விஜேந்தர் சிங்கும், அண்மையில் போன நிஷாந்த் தேவும் எடை குறைந்த பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டு புரமோட்டர் ஒருவர் கைகொடுக்காமல் தொழில்முறைக் கோடிகள் வெறும் கனவுதான்.

கைக்கு எட்டுவது எது?

எட்டுவது அரசு வேலை. கவுர் சிங், சதீஷ் இருவருக்கும் சம்பளம் தந்தது ராணுவம். இருமுறை உலக சாம்பியனான நிஜாமாபாத் நிகத் ஜரீன் தெலங்கானா காவல்துறையில் டி.எஸ்.பி. ஆனார். தமிழ்நாட்டிலும் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ராணுவம், ரயில்வே, காவல்துறை ஆகியவையும் வீரர்களைச் சேர்க்கின்றன. ஆனால் மாநில, தேசிய அளவில் சாதித்தவர்களுக்கே இந்த வாசல் திறக்கும்.

உடல்நலமும் மார்க்கமும்

தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைப் பாதிக்கும். ஹெவிவெயிட்டில் அந்த அடியின் கனமும் அதிகம். 2013-க்குப் பிறகு பெரியவர்களுக்கான ஆண்கள் போட்டிகளில் தலைக்கவசமும் இல்லை.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கச் சொல்லும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1987-ல் கூடி, உயிருக்கும் உடலுக்கும் கேடு விளைவிக்கும் குத்துச்சண்டை கூடாது என்று தீர்மானித்தது. முஸ்லிம் வீரர்கள் பலர் களத்தில் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். பிள்ளையைச் சேர்த்த பிறகு யோசிப்பதைவிட, முன்பே அறிந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

மகனைத் திட்டி அடக்க வேண்டாம். சேலம் காந்தி மைதானத்திலுள்ள விளையாட்டு மேம்பாட்டு ஆணைய அலுவலகத்துக்கு அவனோடு நேரில் போய் விசாரியுங்கள். பயிற்சியாளர் யார், அவன் எடையில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, மருத்துவப் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். குத்து வாங்காமலே ஓட்டம், கயிறு தாண்டுதல், மூட்டைக் குத்துப் பயிற்சி ஆகியவற்றால் உடலை வளர்க்க முடியும். அதே உடல்வாகு குண்டு எறிதலுக்கும் பளு தூக்குதலுக்கும் பொருந்தும் என்பதையும் அவனுக்குக் காட்டுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பள்ளிப் படிப்பு நிற்கக் கூடாது. கையுறையைக் கழற்றிய பிறகும் நெடுங்காலம் வாழ வேண்டியிருக்கிறது. அலியோடு மோதியவருக்கே கடைசிக் காலம் எளிதாக இருக்கவில்லை.