லினக்ஸில் வை-பி வரவில்லையா?

பழைய லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் இன்ஸ்டால் செய்துவிட்டீர்கள். எல்லாம் இயங்குகிறது, வை-பி மட்டும் கிடைக்கவில்லை. உடனே புது அடாப்டர் வாங்க ஓட வேண்டாம். பெரும்பாலும் டிரைவர்தான் இருக்காது.

முதலில் சிப் எதுவென்று பாருங்கள். கண்ட்ரோல், ஆல்ட், டி கீகளைச் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துக்களை இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். பட்டியலில், நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியில் பிராட்காம் பெயர் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுடனேயே வந்துவிடும். பிராட்காம் நிறுவனம் 2010ல் சில சிப்களுக்குத் திறந்த மூல டிரைவர் வெளியிட்டது. வேறு சிலவற்றுக்கு அதன் எஸ்.டி.ஏ. டிரைவர் தேவை. இதை உங்கள் கெர்னல் பதிப்புக்கு ஏற்ப உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்ய வேண்டும். அதற்குத் தேவையானவை மூன்று: கம்பைலர், கெர்னல் ஹெடர் பைல்கள், டி.கே.எம்.எஸ்.

டெல் நிறுவனம் 2003ல் உருவாக்கிய டி.கே.எம்.எஸ்., கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மீண்டும் கம்பைல் செய்துவிடும். இது இல்லாவிட்டால், இன்று கிடைக்கும் வை-பி அடுத்த அப்டேட்டில் காணாமல் போகலாம்.

இவற்றை இறக்க இன்டர்நெட் வேண்டுமே? லேன் கேபிள் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போன் போதும். டேட்டா கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யூ.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வை-பியில் இருந்தால் அந்த இணைப்பே லேப்டாப்புக்கும் வரும்; டேட்டா செலவில்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. சாப்ட்வேர் அப்டேட்டரை இயக்குங்கள். ரீஸ்டார்ட் கேட்டால் செய்துவிட்டு, டெதரிங்கை மறுபடி ஆன் செய்யுங்கள்.

2. அடிஷனல் டிரைவர்ஸ் புரோகிராமைத் திறந்து, பிராட்காம் எஸ்.டி.ஏ. டிரைவரைத் தேர்வு செய்து, அப்ளை சேஞ்சஸ் கிளிக் செய்யுங்கள். இதற்கு வேண்டிய மற்ற புரோகிராம்களும் தானாகவே வரும்.

3. செக்யூர் பூட் ஆன் நிலையில் இருந்தால் ஒரு பாஸ்வேர்ட் அமைக்கச் சொல்லும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாஸ்வேர்ட் அமைத்திருந்தால் ஒரு நீலத்திரை வரும். அது சில நொடிகளே காத்திருக்கும். உடனே ஒரு கீயைத் தட்டி, என்ரோல் எம்.ஓ.கே. தேர்வு செய்து, அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். இந்தப் படியைத் தவறவிட்டால் டிரைவர் இருந்தும் இயங்காது.

இப்போது உங்கள் வை-பி பெயர் பட்டியலில் தெரியும். போனைக் கழற்றிவிடலாம்.