எந்தத் தாளைக் கிழிக்கலாம்?

ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். 'லைசென்ஸ் விதிகளைக் குறையுங்கள்' என்று நானே எழுதினால், சொந்தப் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறான் என்பார்கள். இருக்கட்டும். எந்தத் தாள் தேவை, எது வெட்டி என்று தினமும் நகல் எடுப்பவனுக்குத் தெரியும்.

வெட்டித் தாள் என்றால் எட்டாம் வகுப்புச் சான்றிதழ்தான். வாடகை வண்டியோ லாரியோ ஓட்ட அது வேண்டும் என்றது மத்திய மோட்டார் வாகன விதி. சின்ன வயதில் கிளீனராக ஏறியவர் டி.சி.க்கு எங்கே போவார்? வண்டி ஓட்டத் தெரியுமா என்பதை ஓட்டச் சொல்லித்தானே பார்க்க வேண்டும்? 2019-ல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது பேட்ஜ். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் அதே காரை டாக்சியாக ஓட்டத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. விபத்து நடந்தால், டிரைவருக்கு அந்த அனுமதி இல்லை என்று காட்டி இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் கோர்ட் ஏறின. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குத் தனி அனுமதி வேண்டாம் என்று 2017-ல் சொன்னது உச்ச நீதிமன்றம். 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகள் போன்றவற்றுக்குத் தனி விதி நீடிக்கிறது. அது நியாயம்.

மருத்துவத் துறையிலும் இப்படி ஒன்று நடந்தது. என் மைத்துனர் மெடிக்கல் ஷாப் நடத்துகிறார். முன்பெல்லாம் மருந்து விற்கும் உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். 2017-ல் விதி மாறியது. இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டினால் உரிமம் தொடரும். கடைக்கு வந்து பார்க்கும் மருந்து ஆய்வாளரின் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒரு தாளைக் கிழிக்க விடமாட்டேன். நாற்பது வயது தாண்டியவர்கள் கொடுக்க வேண்டிய மெடிக்கல் சர்டிஃபிகேட், படிவம் 1-ஏ. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி இருக்கும் நம்பர் பிளேட்டைப் படிக்கிறாரா, நிறம் பிரித்துப் பார்க்கிறாரா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்று டாக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

"அண்ணே, டாக்டர் சைன் போட்ட பாரம் இருக்கா? நானே பேரை எழுதிக்கிறேன்" என்று ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் வந்தார். எதிர்ச்சாரியில் நின்ற காரைக் காட்டி, "அந்த நம்பரைப் படிப்பா" என்றேன். கண்ணை இடுக்கினார். கடைசி இரண்டு எண்ணும் தப்பு. "முதல்ல கண்ணாடி போடு, அப்புறம் பாரம்" என்று அனுப்பிவிட்டேன்.

2022 செப்டம்பரில், ஆதார் வழியாக ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகாமலே 58 சேவைகளைப் பெறலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வெட்டித் தாளை ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னால், மக்களுக்கு அலைச்சல் குறையாது. எனக்குத்தான் வருமானம் கூடும். ஒவ்வொரு தாளையும் நிறுத்தி, இதனால் யார் உயிருக்குப் பாதுகாப்பு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள். பதில் இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் பரிசோதனை நடக்கட்டும்.